தையற்காரம்மாவை உட்காரவைத்த நான்கு நாள்

பட எடிட்டர் அவள். வயது ஐம்பத்தொன்று. ஸ்டுடியோவில் அவளுக்கு 'ஆகட்டும் அக்கா' என்றுதான் பெயர். யார் என்ன சொன்னாலும் "ஆகட்டும்" என்பதைத் தவிர அந்த வாயிலிருந்து வேறு பதில் வந்ததில்லை. ஒருமுறை பல் டாக்டர், "வாயைத் திறந்தே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போன் பேச வெளியே போனார். பேசிக்கொண்டே சாப்பிடவும் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால், நம் அக்கா வெயில் காயும் முதலை மாதிரி அப்படியே கிடக்கிறாள். "மூடியிருக்கலாமேம்மா!" என்றாராம் அவர். "நீங்க மூடச் சொல்லலையே டாக்டர்" என்றாளாம் இவள். வீட்டுக்கு வருகிற எவரையும் அவள் கணவர் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை.

இப்படிப்பட்டவள் கைக்குத்தான் அந்தப் படம் வந்து சேர்ந்தது. படம் எதைப் பற்றி? கீழ்ப்படிதலைப் பற்றி! சிரிக்காதீர்கள்.

விஷயம் இதுதான். ஞாபகசக்தி ஆராய்ச்சி என்று சொல்லி ஒன்பது பேரைத் தனித்தனியாக ஒரு அறைக்கு வரவழைத்தார்கள். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் இவர்கள் ஸ்விட்சை அமுக்க வேண்டும், அவருக்கு ஷாக் அடிக்கும். தப்புக்குத் தப்பு ஷாக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஷாக் பொய், அலறுகிறவர் நடிகர். ஆனால் அமுக்குகிறவருக்கு அது தெரியாது. அவர் தயங்கினால், பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் கோட்டுக்காரர், "தொடருங்க. பொறுப்பு என்னோடது" என்பார். ஒளித்துவைத்த கேமராக்கள் எல்லாவற்றையும் எடுத்தன. முடிந்ததும் உண்மையைச் சொல்லி, படத்தில் காட்டிக்கொள்ள எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

"கோட்டுக்காரரைக் கீழ இருந்து எடுத்திருக்கேன்க்கா, மலை மாதிரி தெரிவாரு" என்றார் டைரக்டர். அக்காவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், இருந்தும் அவளுக்கு அவர் 'சார்'. "அலறுறவரைக் காட்டவே வேண்டாம், சத்தம் மட்டும் போதும். ஒவ்வொரு ஷாக்குக்கும் முகத்துக்கு இன்னும் கிட்ட போங்க. பார்க்கிறவனுக்கே விரல் துடிக்கணும்." கெட்டிக்காரர்தான், இல்லையென்று யார் சொன்னது?

ஒரே ஒரு சிக்கல். எட்டுப் பேர் கடைசிவரை அமுக்கினார்கள். ஒன்பதாவதாக வந்த ஒரு தையற்காரம்மா மட்டும் மூன்றாவது ஸ்விட்சில் கையை எடுத்துவிட்டாள். "உள்ள ஒரு மனுஷன் கத்துறாரு, உங்களுக்குக் காது கேக்கலையா? நான் அமுக்க மாட்டேன்" என்றாள். பையை எடுத்தாள், அறையைவிட்டுப் போயே விட்டாள்.

"ஒன்பதுக்கு ஒன்பது அமுக்கினாத்தான்க்கா நெத்தியடி. ஒருத்தங்க எழுந்து போனாக்கூட, பார்க்கிறவன் 'நானும் எழுந்திருப்பேன்'னு சொல்லிட்டு நிம்மதியா தூங்கிடுவான். இவங்களையும் அமுக்க வச்சிடுங்க."

"எப்படி சார்?"

"கட் பண்ணித்தான். பொறுப்பு என்னோடது."

"ஆகட்டும் சார்."

அன்று மதியமே தையற்காரம்மா போன் செய்தாள். எடுத்தது அக்கா.

"படம் எப்பங்க வருது? நான் எழுந்து வந்தேன்னா என் பொண்ணு நம்பவே மாட்டேங்குறா. 'கடைக்காரன் அழுகின தக்காளியைக் குடுத்தாலும் பேசாம வாங்கிட்டு வர்ற ஆளு நீ, நீயாவது எதிர்த்துப் பேசறதாவது'ன்னு சிரிக்கிறா. ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவைதாங்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன். அதை அவ பார்க்கணும்."

அக்கா, "பார்ப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் வெட்டத் தொடங்கினாள். வேறென்ன செய்வாள், சார் சொல்லிவிட்டாரே!

முதல் நாள், தையற்காரம்மா தலையாட்டி மறுப்பதை மட்டும் எடுத்தாள். அரை விநாடிதான், அதில் என்ன வந்துவிடப்போகிறது? மறுநாள் அவள் பேச்சைத் துடைத்துவிட்டு அங்கே ஒரு அலறலை வைத்தாள். அதற்கடுத்த நாள், உள்ளே வந்ததும் வணக்கம் சொல்லி அவள் தலையசைத்த ஷாட்டைப் பிடித்து இழுத்துவந்து, கோட்டுக்காரர் பேச்சுக்குப் பின்னால் ஒட்டினாள். பார்த்தால் சம்மதித்த மாதிரியே இருந்தது. நாலாம் நாள், எழுந்தவளை உட்காரவே வைத்துவிட்டாள். ஷாக்கும் இப்படித்தானே துளித்துளியாக ஏறியது என்று அக்காவுக்கு உறைக்காமல் இல்லை. நன்றாகவே உறைத்தது. கை மட்டும் அதுபாட்டுக்கு வேலை செய்தது.

பாக்கி இருந்தது, ஸ்விட்சை அமுக்கும் கை. தையற்காரம்மா அமுக்கிய முதல் இரண்டு தடவையும் அவள் கை கேமராவில் சரியாக விழவில்லை. மற்ற எட்டுப் பேரில் ஆறு பேர் ஆண்கள். பெண்கள் இருவருக்கும் சிவப்புச் சாயம் பூசிய நீள நகம்.

"உங்க கையே போதும்க்கா, அந்தம்மா கை மாதிரியே இருக்கு" என்று டைரக்டர் அந்த ஸ்விட்ச் பெட்டியையே தூக்கிவந்து மேசையில் வைத்தார். கேமராவைக் கிட்டே கொண்டுவந்தார். "அமுக்குங்க."

அக்காவின் விரல் ஸ்விட்சின் மேல் நின்றது. ஒயர்கூட இல்லாத வெறும் டப்பா, அமுக்கினால் ஈ எறும்புக்கும் வலிக்காது. ஆனால் ஒரு பெண் தன் அம்மாவின் விரல் என்று நம்பப்போவது இந்த விரலைத்தான்.

"தொடருங்கக்கா. பொறுப்பு என்னோடது."

அடப்பாவி மனுஷா! கோட்டுக்காரரின் வசனம், அதே இழுவை. தான் சொன்னது அவருக்கே தெரியவில்லை.

"மாட்டேன்" என்றாள் அக்கா. அது உதட்டைத் தாண்டவில்லை.

"என்னது?"

"மாட்டேன் சார்!" இந்த முறை தேவைக்கு மேலேயே சத்தம் வந்துவிட்டது. நடைவழியில் டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றுவிட்டார். "உள்ள ஒரு மனுஷன் கத்துறாரு, உங்களுக்குக் காது கேக்கலையா? நான் அமுக்க மாட்டேன்!"

டைரக்டர் பயந்துபோய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் கத்தவில்லை.

"யாருக்கா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

"அந்தம்மாதான் சார். வெட்டணும்னா பார்த்துத்தானே ஆகணும்? நாலு நாள்ல இருநூறு தடவையாவது பார்த்திருப்பேன். மனப்பாடம் ஆயிடுச்சு."

டைரக்டர் கத்தினார், கெஞ்சினார், வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று குதித்தார். அவர் குதித்து முடிப்பதற்குள் அக்கா வெட்டியதையெல்லாம் பழைய இடத்தில் வைத்துவிட்டாள். படத்தை ஒப்படைக்க இரண்டே நாள் இருந்தது, வேறு ஆளுக்கு அவர் எங்கே போவார்? எட்டுப் பேர் அமுக்க, ஒருத்தி எழுந்து போக, படம் அப்படியே வெளியானது.

ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோவுக்கு ஒரு போன். தையற்காரம்மாவின் மகள்.

"எங்கம்மாவைப் படத்துல பார்த்தேங்க. ஒண்ணு கேட்கிறேன், மறைக்காம சொல்லுங்க. அவங்க தானா எழுந்தாங்களா, இல்ல சினிமாக்காரங்க நீங்க ஏதாவது தகிடுதத்தம் பண்ணி எழ வச்சீங்களா?"

"தானாத்தான்ம்மா எழுந்தாங்க" என்றாள் அக்கா. "அவங்களை உட்கார வைக்கத்தான் நான் நாலு நாள் தகிடுதத்தம் பண்ணேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "அம்மா, அந்த மெஷினை நிறுத்திட்டு இங்க வாயேன்" என்று மகள் கூப்பிடுவது கேட்டது.