பிறக்காத பிள்ளையின் தரப்பு

விவாத மேடையில் எந்த அணிக்குப் பேசுவது என்பதை நாணயம் முடிவு செய்யும். பூ விழுந்தால் ஆதரவு, எண் விழுந்தால் எதிர்ப்பு. இரண்டையும் ஒரே உறுதியோடு பேச எனக்குத் தெரியும். சொந்த ஊரான பாலோவில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் இருபுறமும் நிற்கும் கோப்பைகள் அதற்குச் சாட்சி. ஆனால் பெர்மாஸ் ஜெயாவில், அக்காவின் சமையலறையில், நாணயம் எதுவும் சுண்டப்படவில்லை. அங்கே என் தரப்பை நானே தேர்ந்தேன்.

அக்காவுக்குத் திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை மீண்டும் மீண்டும் தோற்றது. அவளுடைய கருமுட்டைகள் இனி உதவா, வேறொரு பெண்ணிடமிருந்து பெற்றால் வாய்ப்பிருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு மதியம் மீன்குழம்பை என் தட்டில் ஊற்றியபடியே அக்கா கேட்டாள்.

“உன்னோடத குடுப்பியா?”

அக்காவின் கணவர் இடைமறித்தார். “யோசிச்சுக் கேளு லா. பொறந்த ஒடனே ‘மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே’ன்னு ஆரம்பிச்சிரும்.”

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும் முன்பே, “குடுக்கறேன்க்கா” என்றேன். அதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை.

அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டாள். “இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். அம்மாவுக்கும் தெரிய வேணாம். புள்ளைக்குத் தெரியவே கூடாது.”

நான் கையை உதறிவிட்டு நிமிர்ந்தேன். “புள்ளைகிட்ட சொல்லணும்க்கா. இல்லன்னா என்னால முடியாது.”

“குடுக்கறதுக்குக் கண்டிஷன் வேறயா? நாளைக்கு என் புள்ளன்னு வந்து நிப்பியா?”

வலுவான மறுப்பு. நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட கொடை இன்னும் கொடுத்தவர் கையில்தான் இருக்கிறது என்பது அதன் பொருள். நடுவராக இருந்திருந்தால் நானே அவளுக்கு முழுப் புள்ளி வழங்கியிருப்பேன். ஆனால் அந்த மேசையில் ஒரு தரப்புக்குப் பேச்சாளரே இல்லை என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா. நீ உனக்காகப் பேசற. மாமா உன் பக்கம். அந்தப் புள்ளைக்காகப் பேச இங்க யாரு இருக்கா? வேற யாராச்சும் ஒரு நாள் அதுகிட்ட சொன்னா, அம்மா இத்தன நாளா பொய் சொன்னாங்கன்னுதான நெனைக்கும்?”

“தெரிஞ்சதும் என்ன அம்மான்னு கூப்பிடாம போயிட்டா?”

அக்காவின் அச்சம் ஊரார் பேச்சைப் பற்றியதே அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது.

“சுமக்கப்போறது நீ. தூங்காம கெடந்து வளக்கப்போறது நீ. உன்ன விட்டுட்டு என்னத் தேடி வந்தா, காதப் புடிச்சு உன்கிட்டயே கொண்டாந்து விடறேன்.”

அக்கா தட்டுகளைக் கழுவுதொட்டிக்கு எடுத்துக்கொண்டு போனாள். குழாய் நீர் நெடுநேரம் ஓடியது. பின்பு அங்கிருந்தே குரல் வந்தது.

“எத்தன வயசுல சொல்றது?”

“பேச்சு புரிய ஆரம்பிச்சதுமே.”

“அப்பன்னா என்ன சொல்றதுன்னு நீயே எழுதிக் குடு. அம்மாகிட்டயும் நீதான் சொல்லணும். மேடை ஏறிப் பழகினவதான?”

அம்மாவிடம் அந்த வாரமே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசாதிருந்த அம்மா, மூன்றாம் நாள், கருமுட்டை எடுக்கப் போடும் ஊசி வலிக்குமா என்று கேட்டார். பிள்ளைக்கான வாசகத்தையும் எழுதினேன். மருத்துவமனைக்குப் போகும் வழியில், காரை ஓட்டிய அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

“‘அன்புச் செல்வமே’வா? அலமாக், இது என்ன பரிசளிப்பு விழாவா?”

என் அலங்காரங்கள் அனைத்தையும் தள்ளிவிட்டு, சிவப்பு விளக்கில் நின்றபோது தன் சொற்களில் சொல்லிப் பார்த்தாள். “உன்ன சுமந்து பெத்தது நான். நீ உருவாக ஒரு சின்ன முட்டை வேணும்னு இருந்துச்சு. அத உன் சித்தி குடுத்தா.”

கடைசிச் சொற்களில் குரல் உடைந்தது.

“இன்னொரு தடவ,” என்றேன். “மூச்ச இழுத்துட்டுச் சொல்லு.”

பேச்சுக்கலையில் நான் தந்த பயிற்சிகளுள் சிறந்தது அதுவே. மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தியதும், முன்கண்ணாடியைப் பார்த்தபடி அக்கா அதை மீண்டும் சொன்னாள். ஒரு சொல்லும் நடுங்கவில்லை. நான் கதவைத் திறந்து, என் முதல் ஊசிக்காக இறங்கினேன்.