பிரிமணையில் உட்கார்ந்த அப்பா

ஒரகடம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதிக்குள் போய்ப் பாருங்கள். குளியலறைச் சுவரில் கைப்பிடி இருந்தால் அது என் ஆட்கள் பொருத்தியது. தொட்டிக்குள் வழுக்காத ரப்பர் விரிப்பு கிடந்தால் அது நான் கொடுத்தது. எட்டாவதைத் தாண்டாதவள் நான். பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் என்னிடம் வந்து, "மேடம், தொட்டி வழுக்குதுன்னு கம்ப்ளெயின்ட், என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறார்கள். நான் சொல்கிறேன், அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஐந்தாவது படிக்கும்போதே கைவந்த வித்தை.

அப்போது நாங்கள் சேரப்பணஞ்சேரியில் இருந்தோம். அப்பாவுக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. ஒருநாள் பெட்டி தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை. தினமும் இடுப்பு முழுகும்படி வெந்நீரில் உட்காரச் சொன்னார் டாக்டர். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மாதக் கடைசிக்குள் அப்பா எழுந்து நடந்தால் வேலை உண்டு. இல்லையென்றால் கேட் வாசலில் காத்து நிற்கிறவர்களில் ஒருவர் உள்ளே போய்விடுவார்.

உட்காரச் சொல்லிவிட்டார் டாக்டர். எதில் உட்காருவது? எங்கள் வீட்டில் இருந்த பெரிய பாத்திரம் சோறு வடிக்கிற அன்னக்கூடை. அப்பாவோ ஆறடி ஆள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பழைய வீடு இடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கோ பங்களா இடித்த இடத்திலிருந்து ஒரு குளியல் தொட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இரும்பின்மேல் வெள்ளைவெளேரென்று பீங்கான் மாதிரிப் பூச்சு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "மாட்டுக்குக் கழனி ஊத்தவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் தொட்டியை வைத்து, கால்மாட்டில் அம்மாவின் பழைய புடவையை மறைப்பாகக் கட்டினோம். புடவைக்கு அந்தப் பக்கம் ஒரு முருங்கை மரம் நின்றது.

முதல்நாள் அப்பா வேட்டியோடு தொட்டிக்குள் இறங்கினார். உட்கார்ந்த வேகத்தில் சறுக்கிக்கொண்டு போனார். கால் மேலே, தலை தண்ணீருக்குள். அம்மா ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். அவளும் வழுக்கி, இரண்டு பேரும் மூச்சுவாங்கி எழுந்தார்கள். அப்பாவுக்கு வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

"இனிமே நீ கிட்ட வராத. பொண்டாட்டி தூக்கி எழுந்துக்கிற நெலமைக்கு நான் இன்னும் போவல."

"ஆமா, ராசா பெரிய பயில்வானு. இன்னொரு தபா வுழுந்தா கட்டில்ல தூக்கினு போவ நாலு பேரு வேணும், தெரிஞ்சிக்க" என்றாள் அம்மா.

மாமா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தெருவில், "அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல்லு கொத்தணுமா" என்று கூவிக்கொண்டு போனவரைக் கூப்பிட்டார். தேய்ந்துபோன அம்மியை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவதுபோலத் தொட்டியையும் கொத்திவிட வேண்டும் என்றார். அந்த ஆள் தொட்டியைத் தட்டிப்பார்த்து, "இது கல்லு இல்லியேபா" என்றார். மாமாவா விடுவார்? கொத்தச் சொன்னார். ஒவ்வொரு அடிக்கும் தொட்டி கோயில் மணி மாதிரி சத்தம் போட்டது. பூச்சு முட்டை ஓடு போலச் சில்லுச்சில்லாகப் பெயர்ந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கூராக நின்றது.

அப்பா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "இதுல உக்காந்தா நான் மசாலாவா அரைஞ்சிதான் வெளிய வருவேன்."

அம்மா சிரித்தாள். பிறகு சமையலறைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். அவள் பின்னாலேயே போன நான் அங்கேதான் அதைப் பார்த்தேன். அடி உருண்டையான மண்பானை, கயிற்றில் முறுக்கிச் செய்த பிரிமணைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பானையே உருளாதபோது அப்பா ஏன் உருளப் போகிறார்?

பிரிமணையைத் தொட்டியில் போட்டேன். மாமா கொத்திவைத்த கூரெல்லாம் கயிற்றுக்குள் பதிந்து, பிரிமணை பசை வைத்ததுபோல ஒட்டிக்கொண்டது. கொத்தியது தன் யோசனை என்று மாமா கடைசிவரை பங்கு கேட்டார். கேட்டுக்கொள்ளட்டும். பிரிமணை என்னுடையது. அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு வாங்கிவந்து, குதிகாலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று வைத்தேன். எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு தாம்புக்கயிறு. அதன் நுனியைப் புடவைக்கு அடியில் விட்டு, அந்தப் பக்கம் இருந்த முருங்கையில் நானே கட்டினேன்.

"முருங்கையிலயா கட்டின?" என்று அம்மா கேட்டாள்.

"பின்ன எதுல கட்றது? இருக்கிறது அது ஒண்ணுதான்."

அம்மா மரத்தை ஒருமுறை பார்த்தாள். "சரி, போ. அப்பாவுக்கு வெந்நி ஊத்தச் சொல்லு மாமாவ."

அப்பா உட்கார்ந்தார். சறுக்கவில்லை. குழம்புப் பானை மாதிரி அசையாமல் உட்கார்ந்தார். அரைமணி கழித்துக் கயிற்றைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, யாரும் தொடாமல் தானே எழுந்து நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் அதேதான். அப்பா குளிக்கிற நேரம் பார்த்து அம்மா புடவைக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தப் போய்விடுவாள். கிட்ட வராதே என்று அவர் சொல்லியிருந்தாரே. எழுந்ததும் அப்பா இந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார்.

"மரம் பலமாத்தான் கீது. தண்ணி கிண்ணி ஊத்துறியா அதுக்கு?"

"யாரு ஊத்தறா? அது பாட்டுக்கு நிக்குது" என்பாள் அம்மா.

ஒரு மரத்தைப் பற்றித் தினமும் பேச என்ன இருக்கிறது என்று எனக்கு அலுப்பாக இருக்கும். அந்த நாட்களில் அம்மாவின் உள்ளங்கையில் சிவப்பாக வரிவரியாகக் கிடந்தது. கிணற்றுக் கயிறு அறுத்துவிட்டது என்று எண்ணெய் தடவிக்கொள்வாள்.

மாதம் முடிவதற்கு முன்னாலேயே அப்பா சைக்கிள் ஏறி ஷிப்டுக்குப் போனார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம். அவ்வளவுதான் கொண்டாட்டம். ஆனாலும் வீடே லேசாகிவிட்டது போல இருந்தது.

ஐப்பசி மழையில் பெரிய காற்றுகூட இல்லை. ஈரத்தின் பாரத்திலேயே முருங்கை நடுவில் முறிந்து விழுந்தது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப்போன நான், கயிறு கட்டிய இடத்தைத் தேடிப் பார்த்தேன். பட்டையில் ஒரு கீறல் இல்லை. அத்தனை நாள் ஆறடி ஆளைத் தாங்கியும் மரத்துக்கு ஒரு தழும்புகூட விழாமல் முடிச்சுப் போட்டிருக்கிறேனே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவிடமும் போய்ச் சொன்னேன்.

"ஆமாண்டி, உன் முடிச்சு மாதிரி வராது" என்றாள்.