எட்டிமடைக்கு வந்த குளம்

எங்கள் பொம்மை ரயிலைப் பார்க்க வருகிறவர்களில், அது காட்டுகிற பாதையில் நிஜமாகவே போய்வந்த யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்டுவிடுவார். "ஏனுங்க அம்மணி, மதுக்கரைக்கும் எட்டிமடைக்கும் நடுவுல இத்தாச்சோட்டுப் பெரிய கொளம் எங்கீங்க இருக்குது? நானும் அந்தப் பக்கந்தான், பாத்ததே இல்லீங்களே?" கேட்பதில் தப்பே இல்லை. எங்கள் ரயில் இரண்டு பெரிய பலகைகளில் ஓடுகிறது. ஒன்றில் போத்தனூரும் மதுக்கரையும், இன்னொன்றில் எட்டிமடையும் வாளையாற்றுக் காடும். இரண்டுக்கும் நடுவே ஓரடி அகலத்துக்கு ஒரு குளம், தாமரை இலையும் எருமையும் தூண்டில்காரருமாக, உக்கடத்துக் குளத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருக்கும். "அது எங்க நங்கை வெட்டின கொளமுங்க" என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் கேட்டவரை உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார். இனி நான்தான் சொல்ல வேண்டும்.

கணபதியில் நங்கைக்கு ஒரு பேட்டர்ன் பட்டறை இருந்தது. பவுண்டரியில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவதற்கு முன்னால், பம்பு உடலோ வால்வோ எதுவானாலும், அதே உருவத்தை முதலில் மரத்தில் செய்துகொள்ள வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்த குழியில்தான் இரும்பு இறங்கும். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். கணவரோடு சேர்ந்து ஆரம்பித்த பட்டறையை, அவர் போன பிறகு ஒற்றை ஆளாக நடத்தினார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிற முதலாளி இல்லை. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உளி பிடிக்கிற முதலாளி. வாய் என்றால் அப்படி ஒரு வாய். டிராயிங்கில் தப்பு இருந்தால், அனுப்பிய கம்பெனிக்கே போன் போட்டு, "ஏனுங்க, இதைக் கண்ணத் தொறந்து போட்டீங்களா, மூடிக்கிட்டுப் போட்டீங்களா?" என்று கேட்டுவிடுவார். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. மறுமுனையில் இருப்பவருக்குத்தான் முகம் தொங்கிப்போகும்.

அப்பேர்ப்பட்ட மனுஷிக்கு ஒரு நாள் காலையில் வலது பக்கம் லேசாக இழுத்துவிட்டது. பெரிய ஆபத்தில்லை, சீக்கிரமே தேறி வந்துவிட்டார். நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, அதுவும் முன்னைவிட அதிகமாகவே. கையில் மட்டும் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. காபி டம்ளரை எடுத்தால் விளிம்பில் தளும்பும். அவர் மகனும் அதே தொழிலில் கைதேர்ந்தவன்தான். அம்மாமேல் உயிரை வைத்திருக்கிற பிள்ளை. அந்தத் தளும்பலைப் பார்த்துப் பயந்துபோய், "இனி ரம்பம், உளி ஒண்ணையும் தொடாதீங்கம்மா, ஊட்ல நிம்மதியா இருங்க" என்று சொல்லிப் பட்டறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டான். அம்மாவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று வெளிநாட்டிலிருந்து ஒரு பொம்மை ரயில் எஞ்சினும் நான்கு பெட்டிகளும் வரவழைத்துக் கொடுத்தான். நங்கை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. பேசாத நங்கையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் நங்கையிடமிருந்து போன் வந்தது. நகரத்தில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சி நடத்தப்போகிறார்களாம். "நாமளும் வெக்கறோம் அம்மணி. நீ படம் வரையறவ, நான் மரம் செதுக்கறவ. வேற என்ன வேணும்?" என்றார். நான் சோமனூரில் பள்ளி ஓவிய ஆசிரியை. விளையாட்டாகத் தலையாட்டிவிட்டேன். அது விளையாட்டில்லை என்பது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மகனிடம் அவர் பேசியபோதுதான் புரிந்தது. "கேட்டுக்க கண்ணு. மூணு நாள்ல வண்டி ஒருக்காத் தடம் பொறண்டாலும் நான் பட்டறைப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன். பொறளலீன்னா, என்ற எடத்துல நான் ஒக்காந்துக்குவேன். நீ குறுக்க வரக் கூடாது." மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரிங்கம்மா" என்றான். பாவம், அவன் வேறென்ன சொல்வான்? ஓய்வெடுக்கட்டும் என்று அவன் வாங்கிக் கொடுத்த பொம்மையையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்.

முழு ரயிலையும் பரப்பி வைக்க எங்கள் இருவர் வீட்டிலும் இடமில்லை. அதனால் ஒரே அளவுப் படத்தை இரண்டு பிரதி எடுத்து, அவர் பாதியை அவர் கணபதியிலும் என் பாதியை நான் சோமனூரிலும் செய்வது என்று முடிவானது. "ஒருக்காவாச்சும் சேத்து வெச்சுப் பாத்தரலாமுங்களா?" என்று கேட்டேன். நங்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. பேட்டர்னை இரண்டு பாதியாகச் செய்வது பட்டறைகளில் வழக்கம்தான். இந்தப் பாதியை ஒருவர் செய்வார், அந்தப் பாதியை இன்னொருவர் செய்வார், சேர்த்தால் நடுவே மயிரிழை நுழையாது. "காலம் பூரா அதைத்தான அம்மணி செஞ்சுபோட்டு வந்தேன்? அளவு சரியா இருந்தா எங்க கொண்டுபோய் வெச்சாலும் சேரும்" என்றார். சேர்த்துப் பார்க்கிற பேச்சு அதோடு முடிந்தது.

வாரக் கடைசியில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாயம் பூசிக் கொடுப்பேன். போத்தனூர் நடைமேடை, தண்ணீர்த் தொட்டி, டீக்கடையில் தொங்குகிற நேந்திரங்குலை, மதுக்கரைக் கரட்டுக் குன்றின் மேல் ஒற்றை வேப்பமரம் என்று ஒன்றையும் அவர் விடவில்லை. அங்கேதான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். டம்ளரைப் பிடித்தால் நடுங்குகிற கை, உளியைப் பிடித்ததும் அடங்கிவிடும். பொய்யில்லை, பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மகன் காலையில் பட்டறைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவன். அவன் கண்ணில் பட்டதெல்லாம் டம்ளர்தான்.

கண்காட்சி அன்று காலை மகனே வேன் வைத்துப் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினான். முன்விளிம்புகளை நேராக்கி இரண்டையும் சேர்த்தோம். வண்டி வட்டமாகச் சுற்றி வருவதால் தண்டவாளம் முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் சேர வேண்டும். முன்பக்கம் ஒழுங்காகப் பொருந்தியது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், அவருடைய தண்டவாளமும் என்னுடையதும் ஒரு விரல் அகலம் விலகி நின்றன. அவர் பலகையே என்னுடையதைவிட அந்த அளவுக்கு அகலம். தள்ளிப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம், ஊஹூம். சற்று நேரத்தில் கதவைத் திறந்துவிடுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்கிறார்கள். நங்கை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. "நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டனாட்ட இருக்குது அம்மணி" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டிருக்கவே கூடாது.

மகன் வேனிலிருந்து தன் அளவு டேப்பைக் கொண்டுவந்து, என் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, அம்மாவின் பலகையை அளக்க ஆரம்பித்தான். எனக்கு வந்ததே கோபம்! விழுந்தவரை மேலும் மிதிப்பார்களா? நடைமேடையை அளந்தான், கூடுதல். பாலத்தை அளந்தான், அதுவும் கூடுதல். ஆரம்பத்தில் அவன் முகத்தில் 'நான்தான் சொன்னேனே' என்ற களை கொஞ்சம் இருந்தது. மேம்பாலத்தையும் குகையையும் அளக்கும்போது அது கரைந்துபோயிற்று. மறுபடியும் முதலிலிருந்து அளந்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்து, "அம்மா, எந்த ஸ்கேல்ல அளந்தீங்க?" என்று கேட்டான். நங்கை பையிலிருந்து எடுத்து நீட்டினார். பார்த்ததும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அது பட்டறை ஸ்கேல். காய்ச்சி ஊற்றிய இரும்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதற்காக மரத்தை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, கோடுகளையே சற்று இழுத்துப் போட்ட ஸ்கேல் ஒன்றை வைத்திருப்பார்கள். பார்வைக்குச் சாதாரண ஸ்கேல்தான், ஒரு மீட்டர் என்று அது காட்டுவது மீட்டருக்கு ஒரு விரல் கூடுதல். நங்கையின் கை காலமெல்லாம் பிடித்தது அதைத்தான். என்னிடம் இருந்ததோ பள்ளிக்கூட ஸ்கேல். சுருங்காத ரயிலுக்கும் சுருக்கத்துக்கு இடம் விட்டுப் போத்தனூரைக் கட்டியிருக்கிறார் எங்கள் நங்கை!

நான் சிரித்துவிட்டேன். மகன் சிரிக்கவில்லை. "அத்தை, இங்க பாருங்க" என்று என்னிடம் சொன்னான், கண் மட்டும் அம்மாமேல் இருந்தது. "கை நடுங்கியிருந்தா ஒண்ணு கூடியிருக்கோணும், ஒண்ணு கொறைஞ்சிருக்கோணும். இங்க எல்லாமே ஒரே கணக்குல கூடியிருக்குதுங்க. டீக்கடை வரைக்கும். ஒண்ணுகூடப் பிசகலீங்க." நங்கை அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார். "பேசிக்கிட்டே நிக்கறே? ஒரு பலகைத் துண்டு கொண்டா சாமி."

இரண்டு பலகைகளையும் ஓரடி விலக்கி, நடுவே அந்தத் துண்டைக் கோத்தார்கள். விலகிய தண்டவாளம் மெல்ல வளைந்து எதிர்ப்பக்கத்தோடு சேர அந்த ஓரடி போதும். தண்டவாள முனைகளை அரத்தால் ராவி இணைத்தது நங்கைதான். மகன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான், கையை நீட்டவில்லை. நடுவில் வெற்றுப் பலகை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கக் கூடாதே என்று நான் அவசரமாக நீலமும் பச்சையும் குழைத்து அதில் ஒரு குளத்தை எழுதினேன். எருமையும் தூண்டில்காரரும் என் பலகையிலிருந்து குடிபெயர்ந்தார்கள். கதவு திறந்தபோது சாயம் காயவில்லை, வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நாளும் ஓடியது. இரண்டாம் நாள் ஒரு குழந்தை ஒட்டும் மிட்டாயைத் தண்டவாளத்தில் வைத்துவிட, வண்டி மதுக்கரையில் நின்றுபோனது. நான் வாயெடுப்பதற்கு முன்னால் மகன் ஓடிவந்து, "இது தடம் பொறள்றதில்லீங்க. சக்கரம் தண்டவாளத்து மேலதான் இருக்குது, நல்லாப் பாத்துக்குங்க!" என்று சுற்றி நின்றவர்களிடமெல்லாம் வாதாடினான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. நங்கை ஈரத்துணியால் மிட்டாயைத் துடைத்துவிட்டு, அந்தக் குழந்தையிடமே சுவிட்சைக் கொடுத்து வண்டியைக் கிளப்பச் சொன்னார்.

கடைசி நாள் சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தோம். மகன் திருகாணிகளைக் கழற்றுகிற சாக்கில் அம்மாவையே சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில், "திங்கக்கெழம ஒரு வால்வு டிராயிங் வருதுங்கம்மா. உள்பக்கம் ரொம்பச் சிக்கலா இருக்குது. நீங்க வந்து கை வெச்சீங்கன்னாத் தேவலைங்க" என்றான்.

நங்கை எஞ்சினைச் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"ஏங்கண்ணு, உனக்குக் கை நடுங்குதா?"