துண்டு போட்ட மொட்டை மாடி

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், அன்றைய கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதுதான். யார் அறையில் இல்லையோ அவர் தலையில் பதவியைக் கட்டிவிடுவது மந்தைவெளி வழக்கம். நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சேர்ந்து தட்டினேன்.

விஷயம் தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. மனிதர்களை அவர்கள் போக்கில் விட்டால் போதும், எதையும் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள், அரசாங்கம் நடுவில் புகுந்துதான் காரியத்தைக் கெடுக்கிறது என்று பல வருடங்களாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆட்டோ கட்டணத்தில் ஆரம்பித்தால் பால் விலை, வாடகைச் சட்டம் என்று போய்க்கொண்டே இருப்பேன். மயிலாப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருக்கிறார். "நீங்க ஆள்றதுக்கு நாடெல்லாம் கிடைக்காது, வேணும்னா மொட்டை மாடி கிடைக்கும்" என்பாள் என் மனைவி. கிடைத்தேவிட்டது.

லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கிழமை எந்த வீட்டுக்கு மொட்டை மாடி என்று அதில் போட்டிருக்கும். திங்கட்கிழமைக்காரர் வடாம் பிழிய வேண்டும் என்றால் திங்கட்கிழமைதான். அன்று மேகம் மூடினால் அடுத்த திங்கள் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். முதல் வேலையாக அந்த அட்டையைக் கழற்றினேன். யாருக்கு மாடி வேண்டுமோ அவர்கள் மற்றவர்களோடு பேசி வைத்துக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

முதல் வாரம் தேனாக ஓடியது. ஒரு வீட்டார் தங்கள் காலை நேரத்தை ஒரு டப்பா முறுக்குக்கு விட்டுக்கொடுத்தார்கள். இன்னொருவர் பக்கத்து வீட்டு மிளகாய்க்குக் காவல் இருந்தார், அதற்குப் பதிலாகக் கிண்டி வரை அவர்கள் காரில் போய்வந்தார். கீழ்வீட்டு பாய், தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர், தன் வீட்டுப் போர்வைகளைக் காயப்போட இடம் பிடித்த கையோடு அதில் பாதியை அடுத்தவருக்கு உள்வாடகைக்கு விட்டார். நான் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். கால் தரையில் பாவவில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்கிற ஜனங்கள் நாம்.

மூன்றாவது மாடி மாமி தனியாக இருப்பவர். ரேஷன் அலுவலகம் ஒன்றில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் விடிவதற்குள் மேலே போய் துண்டு, வேஷ்டி, பழைய புடவை என்று மாடி முழுக்க விரித்து, மூலைக்கு ஒரு கல்லும் வைத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. அவற்றின் மேல் காயப்போட ஒரு மிளகாய்கூடக் கிடையாது. வெறும் துண்டு. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சொத்துரிமை என்பது எப்படிப் பிறக்கிறது என்று கண்ணால் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்! அதுவும் ஒரு ரேஷன்காரர் கையால்! "உங்க சுதந்திரத்துக்கு மேல மாமி கல்லை வச்சுட்டாங்க" என்றாள் மனைவி.

என் ஆனந்தம் இரண்டாவது மாடிப் பெண் எங்கள் கதவைத் தட்டும் வரைதான். அவர் திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் வேறொரு புடவைக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வடாம் போட்டுத் தரச் சொல்லி முதல்முறையாக அவருக்கு ஆர்டர் வந்திருந்தது. இது நன்றாக அமைந்தால் கடை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக இதையே செய்வது என்று முடிவெடுத்து, லீவு போட்டிருந்தார்.

"அண்ணே, கூழு கிண்டி இறக்கிட்டேன். மேல போனா கால் வைக்க இடமில்ல. மாமி துண்டா விரிச்சுப் போட்டிருக்காவ. ஞாயித்துக்கிழம மழன்னு வேற சொல்லுதாவ. இத விட்டா எனக்கு வேற வழியில்லண்ணே. நீங்கதான செக்ரட்டரி, ஒரு வார்த்த சொல்லுங்க."

சத்தம் கேட்டு பாய் மேலே வந்தார். அவர் கடையில் யாராவது விலைக்கு வரம்பு கட்டினால் சண்டைக்கே போய்விடுவார். "இன்னா சார் இது? கூழு கெட்டியாய்க்கினு கீது, நீங்க பாத்துக்கினு நிக்கிறீங்க. ஒரு ரூலு போட்டு வுடுங்க சார்!"

உண்மையைச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. என் வாயிலிருந்து ஒரு உத்தரவு வந்தால் அத்தனை துண்டும் பறந்துவிடும். அதிகாரம் இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்களே போய் மாமியைக் கேட்டுப் பாருங்களேன், என்ன வேணும்னு" என்றேன்.

அந்தப் பெண் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். "இத்தன வருசத்துல அவியகிட்ட நான் ஒரு வார்த்த பேசினதில்லயே!"

"பாத்திரத்தை நீங்க தூக்குங்க" என்று என் மனைவி எனக்கு உத்தரவு போட்டாள். அதற்கு மறுப்பில்லை. சூடான கூழுப் பாத்திரத்தோடு நான் முன்னால் படியேற, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

மாமி கதவைத் திறந்தார். அந்தப் பெண் ஒரே மூச்சில், "எனக்கு மாடி வேணும். உங்களுக்கு என்ன தரணும்?" என்றார்.

மாமி பாத்திர விளிம்பில் ஒட்டியிருந்த கூழை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு போறாது. பச்சமொளகா காணவே காணும்."

"எங்க ஊருல இவ்வளவுதான் போடுவோம்."

"இது உங்க ஊரா?"

பேரம் அங்கே பிடித்துக்கொண்டது. ரங்கநாதன் தெருவில்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மாமி மிளகாயில் ஏறினார், அந்தப் பெண் உப்பில் இறங்கினார், பெருங்காயத்தில் இருவரும் கையை உதறிவிட்டுத் திரும்பி நின்றார்கள். நடுவில் நான் பாத்திரத்தோடு. கை வெந்தாலும் வாய் சிரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் படிந்தது: மிளகாய் மாமியின் இஷ்டம், பெருங்காயம் கிடையாது. கறுப்புக் குடையை விரித்துவைத்துக்கொண்டு மாமியே காக்கை ஓட்டுவார். வடாம் காய்கிற வரை சாயங்காலக் காபி இரண்டாவது மாடியில்.

துண்டுகளை மடிக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "மாமி, காயப்போட உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே, எதுக்கு இத்தனை துண்டு?"

மாமி மடிப்பதை நிறுத்தவில்லை. "அட்டை தொங்கிண்டிருந்த வரைக்கும் என் கிழமை வரும், போகும். ஒருத்தர் என் ஆத்துக் கதவைத் தட்டினதில்லை. இப்போ பாருங்கோ, வாசல்ல ஒரே கும்பல்."

நான் கடைசிக் கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன். அடுத்த நிமிடமே சிரிப்பு வந்தது.

வெயில் கைவிடவில்லை. மழைக்கு முன்பே வடாம் டப்பாக்களில் ஏறி ஆட்டோவில் போய்விட்டது. கல்யாண வீட்டார் ருசி பார்த்துவிட்டு சீமந்தத்துக்கும் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் கடைக்குப் போய், வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அதைச் சொல்லும்போது எங்கள் வீட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு எல்லோரும் உருகிப்போய் வந்திருந்தார்கள். மாமியை இத்தனை நாள் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பாய் எழுந்து, கண் கலங்க, ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனிமேல் வாரம் ஒரு வீடு, முறை வைத்து, மாமி வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வர வேண்டும். தவறினால் அபராதம். சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். அறை முழுக்கக் கைகள். அந்தத் திருநெல்வேலிப் பெண் மட்டும் தூக்காமல் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி எழுந்து நின்றார்.

"ரொம்ப சந்தோஷம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். முறை வச்சுண்டு வரவாளுக்கு நான் கதவைத் திறக்க மாட்டேன்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முதலில் என் மனைவியுடையது, பிறகு பாயுடையது. கடைசியாக இறங்கியது என்னுடையது.