ஈரம் காயாத படத்துக்கு விழுந்த மாலை

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. காலையில் டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு, "சட்னி ஒழுகாம மூடுனியா?" என்று கேட்டுவிட்டு ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஏறிய மனிதர், டீ இடைவேளையில் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்றால் அதை எப்படி நம்புவது? நெஞ்சுவலி என்று ஒருநாள் சொன்னதில்லை. தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லை. முப்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. அவரோடு வேலை பார்த்தவர் வந்து வாசலில் நின்றபோது, "என்ன, ஓ.டி.யா? லேட்டாகும்னு சொல்லி விட்டாரா?" என்றுதான் நான் கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டேன். அந்தக் கேள்வி இன்னும் வாயிலேயே நிற்கிறது.

நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். கூடவே, "மரியாதையா எழுது. வீட்ல பேசுத மாதிரி அவன் இவன்னு எழுதிராத" என்று ஒரு எச்சரிக்கையும். சரி மாமா, அப்படியே. ஆனால் அந்த மாலை விஷயத்தையும் எழுதுவேன். அதை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

அண்ணன் பிறந்தது கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில். அப்பா தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார். நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே மஞ்சள் காமாலை அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. அம்மா தீக்குச்சிக் கட்டை அடுக்கி, பெட்டி ஒட்டி எங்களை வளர்த்தார். அண்ணன் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டே ஊர்ச் சுவர்களில் கட்சிச் சின்னம் வரைந்தார். எந்தக் கட்சி கேட்டாலும் வரைவார். "சின்னத்துக்குக் கட்சி கிடையாது" என்பார். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார்க் கம்பெனிகள் வந்தபோது, ஊர்ப் பையன்களோடு அவரும் வடக்கே பஸ் ஏறினார். அந்த நாட்களில், பாய் விரிக்க இடமில்லாமல், ஷிப்டுக்குப் போனவன் பாயில் ஷிப்டு முடிந்து வந்தவன் படுப்பானாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கொஞ்சம் காலூன்றியதும் ஒரகடத்தில் ஒரு லைன் வீடு பிடித்து எங்களையும் அழைத்துக்கொண்டார். கல்யாணப் பேச்சை எடுத்தால், "மொதல்ல தங்கச்சிக்கு முடியட்டும்" என்பார். "மொதல்ல உனக்கு முடியட்டும்" என்பேன் நான். இப்படியே இரண்டு பேரும் அம்மாவை ஏய்த்துக்கொண்டு இருந்தோம்.

எங்கள் வீட்டில் அப்பாவின் படம் கிடையாது. இருந்தது ஒரே கல்யாணப் போட்டோ. அதுவும் சட்டத்துக்குள்ளேயே செல்லரித்துவிட்டது. அம்மா முழுசாக நிற்கிறார். பக்கத்தில் கழுத்துக்குக் கீழே மாலையும் வேட்டியும், அம்மாவின் கையைப் பிடித்திருக்கும் ஒரு கையும் மட்டும் மிச்சம். அம்மா அதை மாட்டவும் மாட்டார், தூரப் போடவும் மாட்டார். அப்பாவின் நினைவு நாள் வந்தால் எங்கள் வீட்டில் குத்துவிளக்குக்குத்தான் மாலை.

ஆயில் பெயிண்டிங் அண்ணனுக்கு இங்கே வந்தபிறகு பிடித்துக்கொண்ட பித்து. மணிமங்கலத்தில் எத்திராஜ் என்று போர்டு எழுதும் ஓவியர் ஒருவர் உண்டு. அவருடைய கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். தண்டலத்திலிருந்து, கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா, ஈரப் படத்தை ஷேர் ஆட்டோவில் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வருவார். முடிந்த படத்தை அங்கே கொண்டுவரக் கூடாது. முடியாத படம்தான் வரவேண்டும். அதை வெளிச்சத்தில் நிறுத்திவைத்து, மற்றவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். வரைந்தவர் எல்லாரும் முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. சுட்டிக்காட்ட ஒரு ஈர்க்குச்சி. அதுவும் படத்தில் படக் கூடாது. ஒருவர் படத்தில் இன்னொருவர் தூரிகை வைப்பது என்ற பேச்சே கிடையாது.

ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். அண்ணன் வரைந்திருந்தது கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்களை. எத்திராஜ் அண்ணன் தன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாபா இது, பஸ்ஸுக்கு நிக்கிறானுங்களா, போட்டோவுக்கு நிக்கிறானுங்களா? காலைல ஷிப்டுக்குப் போறவன் இப்டியா முழிச்சிகினு இருப்பான்? ஒருத்தன் மூஞ்சிலயாவது தூக்கம் கீதா?"

ஸ்டெல்லா அக்கா ஈர்க்குச்சியை வாங்கி வானத்தைக் காட்டினார். "இத மட்டும் கழுவி விட்டாப்ல வெச்சிருக்கீங்க. ஒரகடத்துல லாரி ஓடலையா? புழுதி எங்க?"

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கும் பிள்ளை போல நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க வரைஞ்சத எடுத்து வைங்க, நான் சொல்லுதேன்" என்று வாயை விட்டுவிட்டேன். ஸ்டெல்லா அக்கா சிரித்துக்கொண்டே எடுத்துவைத்தார். "பொட்டல் நல்லாத்தான் இருக்கு" என்றேன். அது மணிமங்கலம் ஏரியாம்! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது. அந்த அக்காவோ கோபப்படவே இல்லை. "அப்ப தண்ணி இன்னும் தண்ணியாகல" என்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "முடிஞ்சப்புறம் நல்லாருக்குன்னு சொல்லுததுக்கு ஊரே வரும். முடியாமக் கெடக்கும்போது சொல்ல இவுகதான் இருக்காக."

டர்பன்டைன் வாசம் பட்டால் அம்மாவுக்கு இழுப்பு வரும். அதனால் அண்ணன் படங்களைக் கொட்டகையிலேயே வைத்து வரைவார். கடைசி மாதங்களில் அங்கே என்ன வரைந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்ததும் அம்மாவிடம் ஏதாவது ஒன்று கேட்பார். ஒரு வாரம், "அப்பாவுக்குக் காது ஒட்டி இருக்குமா, விரிஞ்சு இருக்குமா?" என்றார். "இப்ப எதுக்குடே காதப் பத்திக் கேக்க? விரிஞ்சுதான் இருக்கும், உனக்கு இருக்க மாதிரி" என்றார் அம்மா. இன்னொரு வாரம் மூக்கு. பிறகு புருவத்தில் இருந்த வெட்டு எந்தப் பக்கம் என்று. போவதற்கு முந்தின நாள் ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அம்மா, அப்பா உன்ன எப்படிப் பாப்பாக?"

அம்மாவுக்கு முகமே சிவந்துவிட்டது. "சோத்தத் திங்கியா, கரண்டியால ஒண்ணு போடவா? தாய்கிட்டக் கேக்குத கேள்வியாடே இது?" அண்ணனுக்குச் சிரித்துப் புரையேறியது. நான் தலையில் தட்டினேன். மறுநாள் டீ இடைவேளை.

தகனம் முடிந்த மறுநாள், வீட்டில் விளக்கு வைத்து மாலை போட அண்ணனின் படம் இல்லை. அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவு படம்தான். அதைப் பெரிதாக்கித் தர ஸ்டுடியோக்காரர் இரண்டு நாள் கேட்டார். என்ன செய்வதென்று நாங்கள் விழித்துக்கொண்டு இருந்தபோது, எத்திராஜ் அண்ணன் டி.வி.எஸ்.50-இல் வந்து இறங்கினார். பின்னால் அவர் மனைவி ஒரு படத்தைத் தன்மேல் படாமல் இரண்டு கையாலும் எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் மூஞ்சியத்தான் ரெண்டு மாசமா வரைஞ்சிகினு இருந்தான். கண்ணாடிய எதிர்ல வெச்சிகினு பாத்துப் பாத்து வரைவான். யாருபான்னு கேட்டா சிரிப்பான். வயசானா எப்டி இருப்பேன்னு வரையறான் போலன்னு நாங்களும் வுட்டுட்டோம். அத்தயே வெச்சிக்கலாம்மா" என்று அழுதார்.

நானும் பார்த்தேன். அண்ணன்தான். கன்னம் கொஞ்சம் வற்றியிருந்தது, வயது கூடியிருந்தது, ஆனால் அதே காது, அதே நெற்றி. சொந்தக்காரர்கள் எல்லாரும் "அப்படியே இருக்கானே!" என்று ஓவென்று அழுதார்கள். "ஈரம் காயல, தொட்டுடாதீங்க" என்று எத்திராஜ் அண்ணன் கத்தியது அந்த அழுகையில் யார் காதிலும் விழவில்லை. மாமா சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி, செவ்வந்தி மாலையையும் போட்டுவிட்டார். நான் விளக்கேற்றினேன்.

அம்மா அதுவரை உள் அறையில் சுருண்டு கிடந்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அம்மா அழவில்லை. கையைப் பிடித்திருந்தவர்களை உதறினார்.

"அய்யோ, இது உங்க அப்பால்லா! அவுகள யாரு இங்க கூட்டிட்டு வந்தா?"

மாமா பதறி, "யக்கா, இது நம்ம பெரியவன் படம்க்கா, நல்லாப் பாரு" என்றார்.

"என்னத்தலே பாக்கச் சொல்லுத? புருவத்துல வெட்டு இருக்கு பாரு. எம் புருசன எனக்குத் தெரியாதா?"

காது, மூக்கு, புருவம் என்று வாரா வாரம் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மண்டையில் இடித்தன. அம்மாவே போய் மாலையைக் கழற்றினார். இதழ்களோடு தோள்பட்டை வர்ணமும் பிய்ந்து வந்தது. சில இதழ்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டன. நெற்றியில் சந்தனம் வர்ணத்துக்குள் இறங்கிக் குழம்பிவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக முகமே இல்லாத மனிதருக்கு ஒரு முகம் கிடைத்து, அதையும் நாங்கள் ஒரு நொடியில் நாசம் செய்துவிட்டோம். எத்திராஜ் அண்ணன், "நான்தான எட்தாந்தேன், நான்தான எட்தாந்தேன்" என்று சுவரில் முட்டிக்கொண்டார்.

ஸ்டெல்லா அக்கா மறுநாள் வந்து பார்த்தார். தட்டைக் கத்தியால் சுரண்டி எடுக்கலாம், ஆனால் சந்தனத்தோடு புருவமும் வந்துவிடும், பிறகு யாராவது புதிதாக வரையவேண்டும் என்றார். அப்படியே விட்டால் வர்ணம் இறுகிவிடும், அப்புறம் எந்தக் காலத்திலும் எடுக்கவே முடியாது. மாமா, "சுரண்டிருங்க, மருமவன் வரைஞ்ச மாதிரியே நீங்க போட்ருங்க" என்றார். எத்திராஜ் அண்ணன் மறுத்துவிட்டார். "அவன் படத்துல நாங்க கை வெக்க மாட்டோம் சார். அவன் சொல்லணும். அவன்தான் இல்லியே."

அந்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையில் கூடுகிறவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். கூடத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் படத்தை நிறுத்தினார்கள். வழக்கப்படி ஆளுக்கொன்று சொன்னார்கள். கழுத்து இன்னும் முடியவில்லை என்றார் ஒருவர். ஸ்டெல்லா அக்கா சொன்னார்: "போன ஞாயித்துக்கிழம நான்தான், இந்த ஆளு யாரையும் பாக்கலையே, கண்ணு எங்கயோ நிக்குதேன்னு சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்குப் போறதுக்குள்ள தானா சரிபண்ணியிருக்காரு. இப்பப் பாக்குது." பிறகு ஈர்க்குச்சியை அம்மாவிடம் நீட்டினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்குத்தான் தெரியும்."

அம்மா ஈர்க்குச்சியை வாங்கினார். இழுப்பு வந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அம்மா படத்துக்கு மிக அருகில் போனார்.

"காது நான் சொன்ன மாதிரியே வச்சிருக்கான். மூக்கும் அவுக மூக்குதான்." ஈர்க்குச்சி கண்ணுக்கு நேரே வந்து நின்றது. "இது அவுக இல்ல. அவுக என்ன நேராப் பாக்கவே மாட்டாக. கூச்சம். நான் அங்கிட்டுத் திரும்புனப்புறந்தான் பாப்பாக. அன்னைக்குக் கேட்டானே, நான் சொல்லலையே. கரண்டியத்தான காட்டுனேன்! சொன்னாச் சரியா வரைஞ்சிருப்பான். இந்தா, இப்படி நேராப் பாக்கது பெரியவன். சோறு போடும்போது என்ன இப்படித்தான் பாப்பான்."

எத்திராஜ் அண்ணன் மெதுவாக, "நெத்திய இன்னாம்மா பண்றது?" என்றார்.

"தொடாதிய. இத்தன வருசமா வெளக்குக்குத்தான மாலை போட்டோம். இப்பத்தான் அவுக நெத்தியில ஒரு பொட்டு விழுந்திருக்கு. கண்ணு அவனோடது, அவனுக்கும் சேத்து அது இருக்கட்டும். ரெண்டு பேரும் அதுலயே இருக்கட்டும்."

அதன்பிறகுதான் அம்மா அழுதார்.

அண்ணனின் இறுதிக் காரியங்களில் தோள்கொடுத்த ஒரகடம் தெருவாசிகளுக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்த கம்பெனி நண்பர்களுக்கும், ஊரிலிருந்து விடியவிடியப் பயணம் செய்து வந்த உறவினர்களுக்கும், மணிமங்கலம் கொட்டகையின் ஓவியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கும் நன்றி. அவர் இன்னும் அந்தச் சந்தனத்தை நினைத்து வருந்துகிறார். வருந்த வேண்டாம் மாமா.

மலரின் அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்தப் படம்தான். நெற்றியில் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும் கறையும், தோளில் ஒட்டியிருக்கும் செவ்வந்தி இதழ்களும் அச்சகத்தார் செய்த தவறல்ல. கழுத்து முடியவில்லை. அதுவும் அப்படியே இருக்கும்.

போன வாரம் எத்திராஜ் அண்ணன் வந்து, ஓரத்தில் விரல்வைத்துப் பார்த்து, "நல்லா காஞ்சிட்ச்சிம்மா, இனிமே தாராளமா தொடலாம்" என்றார். அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். படத்தின் காதைத் தடவினார். பிறகு அந்தக் காதருகே வாயைக் கொண்டுபோய், "கேட்டியாய்யா, காஞ்சிருச்சாம்" என்றார்.