டீ-ஷர்ட்டில் ஃபலாங்கே

போன வாரம் எங்கள் பில்டிங் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தேர்தலே நடந்தது. குழந்தைகளின் ஃபுட்பால் டீமுக்கு என்ன பெயர்? முன்மொழிந்தவர் மூன்றாம் மாடி சுரேஷ் அண்ணா. ஸ்பெயின் ஃபுட்பால் என்றால் உயிரை விடுபவர்.

“ஃபலாங்கே! ஸ்பானிஷ் வார்த்தை. படைவரிசைன்னு அர்த்தம். கெத்தா இல்ல?”

வரிசையாகக் கட்டைவிரல்கள். சாயங்காலமே பர் துபாய் கடையில் டீ-ஷர்ட் பிரிண்ட் ஆகிவிடும். கலாஸ், முடிந்தது!

நானோ பால் பாக்கெட்டின் தேதியையே இரண்டு முறை பார்க்கிறவள். மகளின் நெஞ்சில் எழுதப்போகும் பெயரைத் தேடிப் பார்க்காமல் இருப்பேனா?

அண்ணா சொன்ன அர்த்தம் சரிதான். மூலம் கிரேக்கம்... கேடயத்தோடு கேடயம் ஒட்டி, ஈட்டிகளை நீட்டியபடி நகரும் காலாட்படை வரிசை. ஆனால் 1930களில் ஸ்பெயினில் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது ஒரு பாசிசக் கட்சி. பிறகு வந்த சர்வாதிகார ஆட்சியின் ஒரே கட்சிக்கு அடித்தளமும் அதுதான். எல்லோரும் ஒரே வரிசை, யாரும் கலையக் கூடாது — எவ்வளவு பொருத்தமான பெயர்!

டீம் ஆடப்போகும் டோர்னமென்ட்டுக்கு ஸ்பெயின் குடும்பங்களும் வரும். அந்த ஆட்சியில் அடிபட்ட வீடு ஒன்றுகூடவா அதில் இருக்காது?

“சொல்லிடட்டுமாங்க?” என்றேன் கணவரிடம்.

“எல்லாரும் ஓகே சொன்ன அப்புறமா? ஏற்கெனவே உன்னை டவுட் டீச்சர்னு ஓட்டுறாங்க.”

டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். அப்போதுதான் உறைத்தது — வரிசையை விட்டு விலகப் பயந்து நிற்பது நானேதானே? அனுப்பிவிட்டேன்.

நீல டிக்குகள். பிறகு எதிர் ஃப்ளாட் பெண்ணிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ்: “நான் அர்த்தமே பார்க்கலக்கா. எல்லாரும் போட்டாங்கன்னு நானும் தம்ஸ்அப் போட்டேன்.” அதேபோல இன்னொன்று. இன்னொன்று...

சுரேஷ் அண்ணா போனிலேயே வந்துவிட்டார். “ஏம்மா, நான் கடை வாசல்ல நிக்கிறேன். இதைக் காலையிலயே சொல்லக் கூடாதா? சரி, பிள்ளைங்களையே கேளு. யல்லா, சீக்கிரம்!”

என் மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பரோட்டா டைகர்ஸ்!”

பரோட்டா டைகர்ஸ் முதல் மேட்சிலேயே தோற்றது. போகட்டும்... அந்தப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் சிறையில் போட்டதில்லை!