விண்ணப்பதாரர் பெயர்

போன வாரம் கணபதி என்கிற ஊரிலிருந்து மச்சான் வந்திருந்தார். என் அக்கா சரஸ்வதியின் கணவர். கொடுத்த காபியைக்கூடத் தொடாமல், சட்டைப்பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினார்.

"டெலிபோன் ஆபீஸ்ல குடுத்தாங்க. எழுதிக் குடுங்க மாப்பள. எனக்கு இங்கிலீஷ் வராதுல்லங்க."

பார்த்ததும் எனக்கு வேறொரு ஃபாரம் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஐந்து வருடம் முன்பு அக்காவுக்கு மார்பில் இரண்டாவது ஆபரேஷன். முதல் ஆபரேஷன் தழும்பிலேயே மறுபடி ஒரு கட்டி! டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

"அதே இடத்துலதான் திரும்ப வந்திருக்கு, வேற எங்கேயும் பரவலை. எடுத்தாச்சு. இதுக்கப்புறமும் பல வருஷம் நல்லா இருக்கறவங்க உண்டு. சிலருக்கு வேற இடத்துல வரும். உங்களுக்கு எப்படின்னு இப்பவே சொல்ல முடியாதும்மா. செக்கப்பை மட்டும் விட்டுடாதீங்க."

அக்கா காதில் 'பல வருஷம்' விழுந்தது. என் காதில் 'சொல்ல முடியாது' மட்டும்தான் விழுந்தது.

அடுத்த மாதமே, "ஊட்டுக்கு ஒரு ஃபோன் எழுதிப்போடு கண்ணு" என்றாள். அப்போதெல்லாம் எழுதிப்போட்டால் ஃபோன் வர மூன்று வருடமோ, நான்கு வருடமோ... விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் யோசிக்காமல் மச்சான் பெயரை எழுதினேன்.

யோசிக்காமலா? பொய். யோசித்துத்தான் எழுதினேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, ஃபோன் வர்றப்ப நா இருக்க மாட்டேன்னு நீயே முடிவு கட்டிப்போட்டியா?"

ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவள் பெயரில் வேறொன்று எழுதினேன்.

ஃபோன் வந்தது. அக்கா இருந்தாள்! முதல் கால் எனக்குத்தான். "ஏனுங்க, விண்ணப்பதாரர் பேசறேனுங்க" என்று சிரித்தாள். ஒன்றரை வருடம், தினமும் காலையில் பேசினாள். அப்புறம் முதுகெலும்பில் வலி என்றாள். இந்தத் தை மாதம் போய்விட்டாள்.

நோயாளியை உடம்பு கைவிடுவதற்கு முன்பே கூடப்பிறந்தவன் கைவிட்டுவிடுகிறான். கேட்டால், முன்யோசனை என்போம்!

மச்சான் கொண்டுவந்தது பெயர் மாற்றும் ஃபாரம். அன்று கிழித்துப் போட்ட அதே பெயரைத்தான் இப்போது எழுத வேண்டும். பேனாவைத் திறந்தேன்... கை வரவில்லை. மூடிவிட்டேன்.

"மச்சான், இன்னொரு நாளைக்கு எழுதிக்கலாங்களா?"

அவர் ஃபாரத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் அவசரமில்லீங்க மாப்பள. ரெண்டு மாசமா இது பையிலதான் கெடக்குது."

டெலிபோன் பில் இந்த மாதமும் அக்கா பெயருக்குத்தான் வரும்.